இரண்டு போர்களும் சென்னைத் தொழிலாளரும்

போரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் போர்க்களத்தையே எழுதுகின்றனர். எந்தப் படை எங்கே வென்றது, எந்தத் தளபதி எப்போது பின்வாங்கினான், எந்த உடன்படிக்கையில் எவர் கையொப்பமிட்டனர் என்பனவெல்லாம் நூல்களில் விரிவாகக் கிடைக்கின்றன. ஆனால் படைவீரன் உடுத்த துணியை நெய்தவன் யார்? அவன் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் உழைத்தான்? போர் முடிந்த மறுநாள் அவனுக்கு வேலை இருந்ததா? இக்கேள்விகளுக்கு விடை தேட முற்படுவோர் சிலரே. இருபதாம் நூற்றாண்டில் உலகை உலுக்கிய இரண்டு பெரும் போர்களும் நம் நாட்டுத் தொழிலாளர் வாழ்வை எவ்வாறு மாற்றின என்பதைச் சென்னை நகரை நடுவாக வைத்து நேயர்களோடு எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

சென்னையை நான் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. முதல் உலகப் போர் இன்னும் முடியாதிருந்த வேளையில், 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், பெரம்பூர்ப் பஞ்சாலைத் தொழிலாளர்க்கென இந்நகரில் ஒரு சங்கம் பிறந்தது. அதுவே சென்னைத் தொழிலாளர் சங்கம். உறுப்பினர் பட்டியலும் சந்தாவும் ஒழுங்கான நிருவாகமும் கொண்டு அமைந்த முதல் இந்தியத் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர் பலர் அதனைக் குறிப்பிடுவர். அச்சங்கம் ஏன் அந்த ஆண்டில் பிறந்தது? அதற்கு முன்பும் ஆலைகள் இருந்தன; துன்பமும் இருந்தது. இவற்றோடு போர் எதனைச் சேர்த்தது? இதுவே நம் முதல் கேள்வி.

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிற்று. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. மக்கள் அஞ்சி நகரை விட்டு வெளியேறினர். தந்திரசாலி ஒருவனை 'எம்டன்' என்று அழைக்கும் வழக்கு நம் பேச்சில் நிலைத்துவிட்டது. எனினும் எம்டன் வந்தது ஓர் இரவு. சென்றதும் அதே இரவு. ஏழை மக்களை ஆண்டுக்கணக்கில் வருத்தியது விலைவாசியே.

கப்பல்கள் படைகளையும் தளவாடங்களையும் ஏற்றிச் சென்றதால், வெளிநாட்டுச் சரக்கு வருவது குறைந்தது. லங்காஷயர்த் துணியின் வரவு சுருங்கவே, உள்நாட்டு ஆலைத் துணிக்குக் கிராக்கி பெருகிற்று. சென்னையில் பின்னி நிறுவனத்தார் நடத்திய பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் படைக்கு வேண்டிய காக்கித் துணியை நெய்து குவித்தன. ஆலை இடைவிடாது ஓடிற்று; வேலை கிடைத்தது; முதலாளிகளுக்கு ஆதாயமும் பெருகிற்று. ஆனால் தொழிலாளி வாங்கிய கூலி, அவன் வாங்க வேண்டிய அரிசியின் விலையோடு சேர்ந்து ஏறவில்லை. 1918ஆம் ஆண்டிலோ பருவமழையும் பொய்த்தது. பர்மா அரிசியின் வரவும் தடைப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் சென்னையில் தானியக் கடைகள் சூறையாடப்பட்டன. வேலை மிகுந்திருந்த காலத்திலேயே பசியும் மிகுந்தது என்பதை நேயர்கள் கருத்திற் கொள்ள வேண்டும்.

அன்றைய ஆலை வாழ்க்கை எத்தகையது? 1911ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி, பஞ்சாலையில் ஆண் தொழிலாளியை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரையில் வேலை வாங்கலாம். நடுவே கிடைத்த உணவு இடைவேளை அரை மணி நேரம். அந்த அரை மணிக்குள் பஞ்சுத் தூசியைக் கழுவி, உணவு இருக்கும் இடம் சென்று, உண்டு, மணியடிக்கும் முன் திரும்ப வேண்டும். சேர்த்துக்கொள்வதும் நீக்குவதும் பெரிதும் மேஸ்திரிகளின் விருப்பத்தைப் பொறுத்திருந்தன. குறை சொல்ல ஓர் இடமில்லை. சொன்னவனுக்கு வேலையில்லை.

இந்நிலையில்தான் பெரம்பூர் வட்டாரத்து வணிகரான செல்வபதி செட்டியாரும் அவருடைய நண்பர் இராமானுஜலு நாயுடுவும் தொழிலாளரின் குறைகளுக்குச் செவி சாய்த்தனர். சமயச் சொற்பொழிவு கேட்கக் கூடிய கூட்டம் தொழிலாளர் நிலையைப் பேசும் கூட்டமாக மாறிற்று. 'தேசபக்தன்' ஆசிரியர் திரு. வி. கலியாணசுந்தரனார் அங்கே பேசினார். அன்னி பெசன்ட் அம்மையாரோடு பணியாற்றிய பி. பி. வாடியா சங்கத்தின் தலைவரானார். இவர்கள் கேட்டவற்றுள் ஒன்று, உணவு இடைவேளையைச் சில நிமிடங்கள் கூட்ட வேண்டும் என்பது. இன்று எண்ணிப் பார்க்குங்கால் இஃது எத்துணைச் சிறிய வேண்டுகோள்! ஆயினும் அதன் உட்பொருள் சிறியதன்று. ஆலைக்குள் நேரத்தை வகுக்கும் உரிமை ஒருவருக்கு மட்டுமே உரியதன்று என்பதே அதன் உட்பொருள்.

வாடியாவைப் பற்றி ஒரு செய்தியை இங்கே கூற வேண்டும். போர் நடக்கும்போது வேலைநிறுத்தம் செய்தால் படைவீரர்க்குரிய துணி தடைப்படும் என்று கூறி, அவர் தொழிலாளரைப் பொறுத்திருக்கும்படி அறிவுறுத்தினார். போரினால் தொழிலாளியின் உழைப்புக்குத் தேவை மிகுந்திருந்தது. அத்தேவையைக் கருவியாகக் கொண்டு உரிமை கேட்பதா, பொறுத்திருப்பதா என்னும் இக்கட்டு சங்கத்தின் பிறப்பிலேயே இருந்தது. இதே இக்கட்டு இரண்டாம் போரிலும் திரும்பி வந்ததைப் பின்னர்க் காண்போம்.

1918 நவம்பரில் போர் நின்றது. பொறுத்திருந்தவர்க்குப் பயன் கிட்டியதா? உலக அரங்கில் ஓரளவு கிட்டியது. 1919ஆம் ஆண்டு, அமைதி உடன்படிக்கையின் ஒரு பகுதியாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தோன்றியது. தொழிலாளர்க்கு நீதி இல்லாவிடத்து உலகில் அமைதி நிலைக்காது என்னும் எண்ணமே அதன் அடிப்படை. அவ்வாண்டு வாஷிங்டனில் கூடிய அதன் முதல் மாநாட்டில் இந்தியத் தொழிலாளர் சார்பில் என். எம். ஜோஷி கலந்துகொண்டார், வாடியா ஆலோசகராகச் சென்றார். மேலை நாடுகளுக்கு வாரம் 48 மணி என்று வகுத்த அம்மாநாடு, இந்தியாவுக்கு 60 மணி என்று தனி வரம்பு வைத்தது. 1922ஆம் ஆண்டில் நம் தொழிற்சாலைச் சட்டம் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. நாளுக்குப் பன்னிரண்டு என்றிருந்த மேல்வரம்பு பதினொன்றாயிற்று.

உள்ளூரிலோ கதை வேறு. போர்க்காலக் கிராக்கி தளர்ந்த பின் கதவடைப்பும் வேலைநிறுத்தமும் மாறி மாறி வந்தன. 1920 டிசம்பர் 9ஆம் நாள் ஆலைத் தொழிலாளர்மீது காவலர் துப்பாக்கியால் சுட்டனர்; உயிர்கள் மாண்டன. அதே காலத்தில் ஆலை நிருவாகம் உயர்நீதிமன்றத்தை நாடியது. ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டுகின்றனர் என்று வாடியா முதலியோர்மீது வழக்குத் தொடுத்துத் தடையாணையும் பெற்றது. இங்கிலாந்தில் 1906ஆம் ஆண்டின் சட்டம் இத்தகைய வழக்குகளிலிருந்து சங்கங்களுக்குப் பாதுகாப்பு அளித்திருந்தது. அதே ஆட்சியின் கீழிருந்த இந்தியாவில் அத்தகைய சட்டம் இல்லை. எனவே, சங்கம் நடத்துவதே வழக்குக்கும் இழப்பீட்டுக்கும் இடமாகக்கூடிய செயலாயிற்று. ஆலையோடு ஏற்பட்ட சமரசத்தை ஒட்டி வாடியா சங்கப் பணியிலிருந்து விலகினார்.

தோல்வியிலும் ஒரு விளைவு உண்டாயிற்று. சென்னை வழக்கைக் கண்ட ஜோஷி, சங்கங்களுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் வேண்டுமென 1921ஆம் ஆண்டு மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். தொழிற்சங்கச் சட்டம் 1926ஆம் ஆண்டில் நிறைவேறி, 1927 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பெரம்பூரில் தொழிலாளர் பட்ட துன்பம் நாடு முழுவதற்கும் ஒரு சட்டமாயிற்று எனலாம்.

ஆனால் 1921ஆம் ஆண்டின் கதையில் மறைக்கக் கூடாத ஒரு பகுதி உண்டு. அவ்வாண்டு நடுவில் மூண்ட வேலைநிறுத்தம் பல மாதங்கள் நீடித்தது. தொழிலாளருள் சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரு பக்கமும், ஆதிதிராவிடர் பெரும்பாலோர் மறு பக்கமுமாகப் பிரிந்தனர். ஆதிதிராவிடர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் கலகம் மூண்டது, குடிசைகள் தீக்கிரையாயின, மீண்டும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. முடிவில் வேலைநிறுத்தம் தோற்றது. ஆதிதிராவிடரைக் குறை கூறி இந்நிகழ்ச்சியைக் கடந்து செல்வது எளிது. நான் அவ்வாறு கருதவில்லை. தெருவிலும் கிணற்றடியிலும் தம்மை விலக்கி வைத்தவர்கள் ஆலை வாயிலில் மட்டும் 'தோழரே' என்று அழைக்கும்போது, அவ்வழைப்பை நம்புவதற்கு அவர்களுக்கு என்ன ஆதாரம் இருந்தது? வேலை இழந்தால் தாங்கி நிற்க அவர்களுக்கு என்ன உடைமை இருந்தது? போர் எல்லோரையும் ஒரே கூரையின்கீழ் வேலைக்குச் சேர்த்தது. ஆனால் ஒரே கூரை ஒற்றுமையைத் தந்துவிடவில்லை. சங்கம் கற்க வேண்டிய முதல் பாடம் இதுவே.

இனி இரண்டாம் போருக்கு வருவோம். 1939இல் மூண்ட அப்போரின் முடிவில் இந்தியப் படையில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இருந்தனர். இத்துணைப் பெரும் படைக்கு உணவு, உடை, காலணி, கூடாரம், வண்டி அனைத்தும் வேண்டும். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மதுரையிலும் பஞ்சாலைகள் இரவும் பகலும் ஓடின. முதற்போரில் அரசு ஆலைக்கு வெளியே நின்றது. கலகம் வந்தபோது மட்டும் காவலரை அனுப்பியது. இரண்டாம் போரிலோ அரசே ஆலைக்குள் புகுந்தது. 1940ஆம் ஆண்டின் அவசரச் சட்டம் ஒன்று, தொழில்நுட்பம் அறிந்தவரை இன்ன தொழிற்சாலையில் வேலை செய்க என்று பணிக்க அதிகாரம் அளித்தது. 1941ஆம் ஆண்டின் மற்றோர் அவசரச் சட்டம், இன்றியமையாப் பணிகளில் இருப்போர் தம் விருப்பப்படி வேலையை விட்டு நீங்குவதைக் குற்றமாக்கிற்று. 1942 ஜனவரியில் இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 81-ஏ என்னும் விதி சேர்க்கப்பட்டது. முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் கூடாது. தகராறு எழுந்தால் அரசு அதனை நடுவரிடம் ஒப்படைக்கலாம். நடுவர் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்பது அவ்விதியின் சாரம்.

இவ்விதிக்கு இரு முகங்கள் இருந்தன. ஒரு முகம் கட்டுப்பாடு. மறு முகம், தொழிலாளியின் குறையை ஒருவர் கேட்டே ஆகவேண்டும் என்னும் ஏற்பாடு. முதற்போர்க் காலத்தில் குறை சொல்ல இடமே இல்லையென்று முன்னர்க் கூறினேன். இப்போது நடுவர் மன்றம் ஓர் இடமாயிற்று. 1942 ஆகஸ்டில் அரசும் முதலாளிகளும் தொழிலாளரும் ஒரே மேசையில் அமர்ந்த முத்தரப்பு மாநாடு டில்லியில் கூடியது. அப்போது வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தவர் டாக்டர் அம்பேத்கர்.

'பஞ்சப்படி' என்னும் சொல் இக்காலத்தில்தான் ஊன்றியது. விலைவாசி ஏறுமளவுக்குக் கூலியோடு சேர்த்துத் தரும் தொகைக்கு அப்பெயர். என் சிறு வயதில், சம்பள நாளன்று எங்கள் தெருவில் அச்சொல் அடிக்கடி காதில் விழும். பஞ்சத்துக்கும் சம்பளத்துக்கும் என்ன தொடர்பு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பின்னர் வரலாற்றைப் படித்தபோது விளங்கிற்று. 1943ஆம் ஆண்டு வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்தனர். சென்னையிலும் அரிசி பங்கீட்டுக்கு வந்தது. அக்காலத் தொழிலாளியின் கூலிச்சீட்டில் பஞ்சம் ஒரு வரியாக இடம்பெற்றது. அகவிலைப்படி என்று இன்று நாம் பெயரை மாற்றிக்கொண்டாலும், பழைய பெயரில் வரலாறு தங்கியிருக்கிறது.

போர் தந்த வேலையெல்லாம் விரும்பி ஏற்ற வேலையன்று. மலேயா நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளரை நினைத்துப் பாருங்கள். ஜப்பானியர் ஆட்சியில் தோட்டத் தொழில் முடங்கியது. கூலியும் உணவும் தருவதாகச் சொல்லியும், வலிந்து பிடித்தும், பல்லாயிரவர் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காடும் காலராவும் மலேரியாவும் பட்டினியும் பல்லாயிரம் தமிழரின் உயிரைக் குடித்தன. போர்க்கைதிகளின் துன்பத்தை உலகம் பெரிதும் அறியும். இவர்களின் கல்லறைகளுக்குப் பெயர்ப் பலகையும் இல்லை.

நம் நாட்டுச் சுரங்கங்களில் நிகழ்ந்ததும் கருதத்தக்கது. நிலத்தடிச் சுரங்கத்தில் பெண்கள் வேலை செய்வது 1937ஆம் ஆண்டோடு முற்றிலும் தடுக்கப்பட்டிருந்தது. போர்க்காலத்தில் வங்காளம், பீகார்ப் பகுதிகளின் ஆண் தொழிலாளர் பலர், மிகுந்த கூலி தந்த இராணுவக் கட்டுமான வேலைகளுக்குச் சென்றுவிட்டனர். நிலக்கரி குறைந்தது. உடனே, 1943இல், அத்தடை நீக்கப்பட்டது. பெண்கள் மீண்டும் நிலத்தடிக்கு இறக்கப்பட்டனர். ஆணுக்கு நிகரான கூலி அவர்களுக்கு வழங்கப்படும் என்று அம்பேத்கர் சட்டசபையில் எடுத்துரைத்தார். போர் முடிந்தது, 1946 பிப்ரவரியில் தடை மீண்டும் வந்தது, பெண்கள் வெளியேற்றப்பட்டனர். நிலத்தடி வேலை கொடியது. அதைத் தடுத்தது தவறு என்று நான் கூறவில்லை. ஆனால் நிலக்கரி வேண்டியபோது அவர்கள் உடல்நலம் பொருட்டாகவில்லை. வேண்டாதபோது அவர்கள் வயிறு பொருட்டாகவில்லை. இரு முறையும் அவர்கள் கருத்தைக் கேட்டவர் இலர். பகல் நேரத்தில், தம் இசைவோடு, பெண்கள் நிலத்தடியில் பணியாற்றலாம் என்னும் அனுமதி 2019ஆம் ஆண்டில்தான் வந்தது.

1945இல் போர் முடிந்தது. லட்சக்கணக்கான வீரர் சீருடையைக் களைந்து ஊர் திரும்பினர். தளவாடத் தொழிற்சாலைகளில் ஆள்குறைப்பு தொடங்கிற்று. வேலை தேடுவோரையும் வேலை தருவோரையும் இணைக்கும் அலுவலகங்களை அரசு திறந்தது. இன்று வேலைவாய்ப்பு அலுவலகம் என்று நாம் அழைப்பது, 1945ஆம் ஆண்டு, திரும்பி வந்த படைவீரர்க்காகவும் போர்த் தொழிலாளர்க்காகவும் ஏற்பட்டதேயாகும். 1948இல்தான் அதன் கதவு எல்லோருக்கும் திறந்தது. பள்ளி முடித்ததும் அங்கே சென்று பதிவு செய்து, அட்டையைப் பத்திரமாகப் புதுப்பித்து வந்த தமிழ்நாட்டு இளைஞர் எத்தனையோ பேர்! அவ்வரிசையின் முதலில் நின்றவன் போரிலிருந்து திரும்பிய சிப்பாய் என்பது பலருக்குத் தெரியாது.

போர் முழுவதும் அடக்கி வைத்த குறைகள் போர் முடிந்ததும் பொங்கி எழுந்தன. 1946இல் அஞ்சல் ஊழியரும் ரயில்வே ஊழியரும் கிளர்ந்தனர். தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது, அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து தொழிலாளர் ஐவர் உயிர் நீத்தனர். 1947ஆம் ஆண்டில் மட்டும் நாடெங்கும் தொழில் தகராறுகளால் இழந்த வேலை நாட்கள் ஒரு கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்டவை.

இதற்கிடையே சட்டங்களும் வந்தன. 1946இல் வேலை நேரம் வாரத்துக்கு 48 மணியாகக் குறைந்தது. வாஷிங்டனில் மேலை நாட்டார்க்கு வகுத்த வரம்பை எட்ட நமக்கு 27 ஆண்டுகள் ஆயின. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், போர்க்கால 81-ஏ விதியின் முறையையே அமைதிக் காலத்துக்கும் நிலைநிறுத்திற்று. 1948இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டமும் நிறைவேறின.

இவ்விரு போர்களையும் ஒப்பு நோக்கின் ஒரு வேறுபாடு புலப்படும். முதற்போர் நமக்குச் சங்கத்தைத் தந்தது. இரண்டாம் போர், முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே அரசை ஒரு மூன்றாம் தரப்பாக அமர்த்தியது. நடுவர் மன்றத்தால் நன்மை விளைந்தது. எளியவனும் நீதி கேட்க வழி பிறந்தது. ஆயினும் நேருக்கு நேர் அமர்ந்து பேசித் தீர்க்க வேண்டியதைக்கூட வழக்காக்கி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பழக்கமும் அதனோடு வந்தது. 1947இல் எழுந்த இவ்வமைப்பு எழுபது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 1926, 1947ஆம் ஆண்டுகளின் சட்டங்களை ஒன்றாக்கித் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு ஒன்றை நாடாளுமன்றம் 2020இல் நிறைவேற்றியது. பெரம்பூர் ஆலையோ 1996லேயே மூடப்பட்டுவிட்டது.

போர் வேலையை உண்டாக்குகிறது என்று சொல்வோர் உண்டு. உண்மையே. ஆனால் போர் உண்டாக்குவது தேவையை மட்டுமே. தேவை இருக்கும்வரை தொழிலாளி வேண்டப்படுவான். தேவை தீர்ந்ததும் மறக்கப்படுவான். சுரங்கத்துப் பெண்கள் வேண்டப்பட்டார்கள். அவர்களுக்குச் சங்க வலிமை இல்லாததால் நிலைத்த பயன் ஒன்றும் பெறவில்லை. பெரம்பூர்த் தொழிலாளர் தோற்றார்கள். ஆனால் அவர்கள் சங்கமாய் நின்றதால் தோல்வியிலிருந்தும் ஒரு சட்டம் விளைந்தது. தேவையை உரிமையாக மாற்றும் ஆற்றல் கூடி நிற்பதில்தான் உண்டு. அக்கூட்டத்தில் சாதியாலோ பாலாலோ ஒருவரைப் புறத்தே நிறுத்தினால், அவ்வாற்றலும் குன்றும். உணவு இடைவேளையில் சில நிமிடங்கள் கேட்டவர்கள் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவென்பதே என் துணிபு.